நம்ம இலங்கை மலைநாட்டுல ஆறுமணிக் குருவிய கண்ணால பாக்குறது எப்படி – முழுமையான வழிகாட்டி

மொதல்லயே ஒண்ண சொல்லிடுறேன். இந்தக் குருவிய தேடி நடந்து பாத்தவங்களவிட ஒரே எடத்துல குந்திக்கிட்டு இருந்து பாத்தவங்கதான் அதிகம். நானே மூணு நாலு சீசன் காடு காடா அலைஞ்சேன். கெடச்சதெல்லாம் என்னன்னா காலுக்கு முன்னாடி இருந்து பச்சையா ஏதோ ஒண்ணு விர்ருன்னு எந்திரிச்சு பள்ளத்துக்குள்ள போறது, அவ்வளவுதான், அது குருவியா எலையான்னு கூட சத்தியம் பண்ண முடியாது. அப்புறம் ஒரு அக்டோபர் காலைல, ராத்திரி முழுக்க மழ அடிச்சு ஓஞ்ச நேரம், அதுவே வந்து எங்க லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்புல, அதாவது முன் திண்ணையில, வெறகுக் கட்டுக்குப் பக்கத்துல ஒண்டிக்கிட்டு நின்னுச்சு.

அப்பாயிதான் மொதல்ல பாத்தாங்க. "டேய் இங்க வா, யாரோ புள்ளைங்க பொம்மைய போட்டுட்டு போயிருக்கு"ன்னு கூப்பிட்டாங்க. வந்து பாத்தா முழுசா நனஞ்சு, ரெக்கைய ஒட்ட வச்சுக்கிட்டு, கண்ண பாதி மூடி மூடி தெறக்குது, வாலே இல்லாத மாதிரி ஒரு உருண்ட ஒடம்பு, அதுக்குக் கீழ ரெண்டு நீட்டு ரோஸ் கலர் காலு. வயித்துக்கு அடியில இருக்கிற செவப்பு மட்டும் அந்த சாம்பல் கலர் சீமெந்துல தனியா எரியுது. "இதுதான் அப்பாயி ஆறுமணிக் குருவி"ன்னு சொன்னேன், அவங்க நம்பவே இல்ல. பெரட்டுக்கு (தோட்டத்துல காலைல வேலைக்கு பேர் குடுக்குற எடத்துக்கு) போன காலத்துல இது விடியக்காலைல கத்துற சத்தத்த கேட்டுத்தான் அடுப்பு மூட்டினவங்க, கொழுந்து எடுக்கப் போற வழியெல்லாம் அத கேட்டவங்க, ஆனா ஒரு நாளும் ஆள பாத்ததில்ல. "இவ்வளவு சோக்கா இருக்கிறதா அப்பிடி கத்துது?"ன்னு கேட்டாங்க.

நம்ம ஊருல முக்காவாசி பேருக்கு இதே கததான், காதுக்கு தெரியும் கண்ணுக்கு தெரியாது. அதனால இந்த வழிகாட்டிய காதுல தொடங்கி கண்ணுக்கு கொண்டு போற மாதிரி எழுதியிருக்கேன், பொறுமையா படிங்க, கொஞ்சம் நீளம்தான்.

படி 1: ஆளு யாருன்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க

சைஸ் மைனாவவிட சின்னது, வாலு கட்டையா இருக்கிறதால இன்னும் சின்னதா தெரியும். நீளம் 15ல இருந்து 19 சென்டிமீட்டர், எடை 47ல இருந்து 66 கிராம், அதாவது ஒரு கோழி முட்டைய கையில வச்சா என்ன பாரமோ அதுதான். முதுகு நல்ல தேயிலப் பச்ச. தலையில மங்கின மஞ்சப் பழுப்பு, அதுக்கு நடுவுல உச்சி வகிடு எடுத்த மாதிரி ஒரு கருப்புக் கோடு, கண்ணு வழியா காதுக்குப் பின்னால வரைக்கும் இன்னொரு தடிச்ச கருப்புப் பட்ட, மேல ஒரு வெள்ளப் புருவம். தொண்ட வெள்ள. நெஞ்சு சந்தனக் கலர். அடி வயித்துல இருந்து வாலுக்கு அடி வரைக்கும் குங்குமச் செவப்பு. தோள்ல பளபளன்னு ஒரு நீலத் துண்டு, வாலு நுனியிலயும் நீலம். பறக்குறப்ப கருப்பு ரெக்கையில வட்டமா ஒரு வெள்ளப் புள்ளி தெரியும், தூரத்துல பறந்து போறத வச்சு அடையாளம் சொல்லணும்னா அந்த வெள்ளதான் உதவும்.

வட இந்தியாவுல இதுக்கு நவரங்னு பேரு, ஒம்போது கலர்னு அர்த்தம். எண்ணிப் பாத்தா எனக்கு ஏழெட்டுதான் வருது, போகட்டும். தோள்ல இருக்கிற நீலம் சாயம் இல்லங்கிறது ஒரு விசேஷம், இறகோட உள்ளமைப்புல வெளிச்சம் பட்டு சிதறுறதாலதான் நமக்கு நீலமா தெரியுது, அதனால நெழல்ல நிக்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துட்டு ஒரு துளி வெயில் பட்டதும் டார்ச் அடிச்ச மாதிரி மின்னும்.

உலகம் முழுக்க இதுக்கு பிட்டான்னு பேரு. அது தெலுங்குல சின்னப் பறவைக்கு சொல்ற "பிட்ட"ங்கிற வார்த்த, அங்க இருந்துதான் போச்சு. 1766ல, உயிரினங்களுக்கு அறிவியல் பேரு வைக்குற முறைய கொண்டு வந்த லின்னேயஸ் இதுக்கு அறிவியல் பேரு வைக்கும்போது கொண்டு போயி காக்கா இனத்துல சேத்துட்டாரு, நம்ம ஊருக் காக்காவையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, சிரிப்புத்தான் வரும். பின்னாடி பிட்டாவுக்கு தனிக் குடும்பமே ஆயிடுச்சு, 40க்கு மேல இனம் இருக்கு, பெரும்பாலும் தென்கிழக்காசிய மழக்காட்டுல, ரெண்டு இனம் ஆப்பிரிக்காவுல. இலங்கைக்கு வழக்கமா வர்றது இது ஒண்ணுதான்.

எதோட மாத்திக் கொழப்பிக்குவீங்கன்னும் சொல்லிடுறேன். தரையில இருந்து பச்சையா எந்திரிச்சு நேரா அம்பு மாதிரி பறந்தா அது மரகதப் புறாவா இருக்கலாம், அது பெருசு, அலகு செவப்பு. புதருக்கு அடியில நீல முதுகும் வெள்ளப் புருவமும் ஆரஞ்சு நெஞ்சுமா ஓடுனா அது இந்திய நீல ராபின், அதுவும் நம்ம மலைக்கு பனிக்காலத்துல வர்ற விருந்தாளிதான், ஆனா அதுல பச்சையே கெடையாது, உருவமும் ரொம்ப ஒல்லி.

படி 2: காலண்டர பாருங்க

மே மாசம் போயி இத தேடாதீங்க. ஆறுமணிக் குருவி நம்ம ஊருல முட்ட இடுறதே இல்ல. அதோட பொறந்த வீடு இமயமல அடிவாரம், நேபாளம், அப்புறம் மத்திய இந்தியா, மேற்கு இந்தியா பக்கத்து மலக் காடுங்க. அங்க மழ எறங்குற நேரம், ஜூன் ஜூலைய ஒட்டி, காஞ்ச எலையும் புல்லும் வச்சு பந்து மாதிரி ஒரு கூடு கட்டும், வாசல் பக்கவாட்டுல இருக்கும், தரையிலயும் கட்டும் தாழ்ந்த கெளையிலயும் கட்டும். நாலஞ்சு முட்ட, வெள்ளையா பளபளன்னு, மேல கருஞ்செவப்புப் புள்ளிங்க. குஞ்சு வளந்ததும் தெக்க பாத்து கெளம்பிடும், அதுவும் ராத்திரி ராத்திரியா. இமயமல அடிவாரத்துல இருந்து நம்ம நுவரெலியா வரைக்கும் 2,000 கிலோமீட்டருக்கு மேல வரும், கடைசியா கடலையும் தாண்டணும். அந்தக் கட்ட ரெக்கைய பாத்தா இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?

நம்ம பக்கம் செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபருக்குள்ள வந்து சேந்துடும். திரும்பிப் போறது ஏப்ரல்ல. இடையில இருக்கிற மாசத்துல டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான் என் சிபாரிசு, ஏன்னா வந்து ஒரு எடத்த பிடிச்சு உக்காந்துட்டா அங்கயே நாள் தவறாம மேயும், இன்னைக்கு பாத்தா நாளைக்கும் அதே புதர்ல பாக்கலாம். ஏப்ரல்ல நுவரெலியாவுல சீசன் கூட்டம், பாட்டு, கடை, ஜனம், குருவி என்ன மனுசனே ஒளிஞ்சுக்க எடம் தேடணும். ஜனவரி பெப்ரவரியில அங்க சில நாள் விடிய புல்லெல்லாம் வெள்ளையா பனி உறைஞ்சு கெடக்கும், கையுறை இல்லாம போனா பைனாகுலர பிடிக்கவே முடியாது, ஆனா வானம் தெளிவா இருக்கும்.

படி 3: எடத்த தெரிவு பண்ணுங்க

கீழ்நாட்டுக்கும் இந்தக் குருவி வரும், தீவு முழுக்க வரும். மலைநாட்டுல என்ன வசதின்னா அதுக்குப் பிடிச்ச எடம் சின்னச் சின்னத் துண்டா இருக்கு, சுத்தி தேயில, நடுவுல ஒரு பள்ளம், பள்ளத்துல ஓட, ஓடக் கரையில நாலு மரம், மரத்துக்கு அடியில நெஞ்சு உயரத்துக்கு புதர். அந்தத் துண்டுக்குள்ள இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல, வேலை லேசு.

புதுசா தொடங்குறவங்க நுவரெலியா விக்டோரியா பார்க்குக்கு போங்க. 1897ல விக்டோரியா ராணியோட வைர விழாவுக்கு அமைச்ச பூங்கா, அதுக்கு முன்னாடி ஹக்கல தாவரவியல் தோட்டத்தோட ஆராய்ச்சி நெலமா இருந்துச்சு. 1,868 மீட்டர் ஒசரத்துல டவுனுக்கு நடுவுல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. பூப் பாத்தி பக்கம் நேரத்த வீணாக்காதீங்க. உள்ள ஓடுற ஓடைக் கரையும் ஓரத்துல மூங்கில், புதர் அடைஞ்சு இருட்டா கெடக்குற மூலைங்களும்தான் நமக்கு வேணும். உலகத்துல எங்கெங்கயோ இருந்து பறவ பாக்குற ஆளுங்க பெரிய பெரிய லென்ஸ தூக்கிக்கிட்டு இந்தச் சின்ன பூங்காவுக்கு வர்றாங்க, மூணு குருவிக்காக: நம்ம ஆறுமணிக் குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான், அப்புறம் கருப்பு வெள்ளையா இருக்கிற ஒரு இமயமலப் பூங்குருவி. மூணுமே வடக்க இருந்து பனிக்காலத்துக்கு வர்றதுங்க. கேட் எத்தன மணிக்கு தெறக்குறாங்கன்னு மொத நாளே கேட்டு வச்சுக்கங்க, இந்த வேலையில அர மணித்தியாலம் பிந்தினாலும் பிந்தினதுதான்.

கண்டி பக்கம் இருக்கிறவங்களுக்கு உடவத்தகல, தலதா மாளிகைக்குப் பின்னால 100 ஹெக்டேயர் சொச்சம் காடு. இல்லன்னா பேராதன பூங்கா. உடவத்தகலையில மழ பேஞ்ச மறுநாள் போனா அட்ட தொல்ல தாங்காது, சப்பாத்துக்கும் காலுறைக்கும் சவர்க்காரத்த நல்லா தேச்சுக்கிட்டு போங்க, நம்ம பெரியவங்க தேயில மலையில பண்ணின அதே வைத்தியம்தான். உப்பையும் ஒரு பொட்டலம் வச்சுக்கங்க.

தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? ஸ்டோருக்கு (தேயில ஃபேக்டரிக்கு) பின்னால இருக்கிற பள்ளம், பீலிக்கு (தண்ணி பிடிக்கிற எடத்துக்கு) மேல இருக்கிற சோல, பழைய தவறணைய (நாத்து வளக்குற எடத்த) விட்டுட்டுப் போயி காடாகிப் போன எடம், இத ஒண்ண பாத்து வச்சுக்கங்க. தொரையோட (தோட்ட மேனேஜரோட) ஆளுங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு போறது நல்லது, விடியக்காலைல டார்ச்சோட பள்ளத்துக்குள்ள ஒருத்தன் எறங்குறத பாத்தா யாரா இருந்தாலும் சந்தேகம்தான் படுவாங்க.

படி 4: காத தீட்டுங்க

இதுதான் முக்கியமான படி, இத ஒழுங்கா செஞ்சா மிச்சமெல்லாம் பாதி முடிஞ்ச மாதிரி.

சத்தம் ரெண்டு துண்டு. "வீஈட்... ட்யூ". மொத துண்டு மேல ஏறும், ரெண்டாவது கீழ எறங்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற கூட்டாளிய வாயில விரல் வைக்காம விசில் அடிச்சு கூப்பிடுவோம் பாருங்க, கிட்டத்தட்ட அந்த மாதிரி தெளிவா, சத்தமா. கத்தும்போது நெஞ்ச நிமித்தி தலைய பின்னால சாச்சு அலக வானத்துக்கு தூக்கிக்கும். ஒண்ணு தொடங்குனா அடுத்த பள்ளத்துல இருந்து இன்னொண்ணு பதில் குடுக்கும், அப்புறம் தூரத்துல மூணாவது. கொஞ்ச நேரம் இப்பிடியே போயிட்டு சட்டுன்னு நின்னுடும், பகல் முழுக்க ஒண்ணும் கேக்காது. மப்பும் மந்தாரமுமா இருட்டிக்கிட்டு வந்தா மட்டும் நடுப்பகல்லயும் ஒரு தடவ கத்திப் பாக்கும்.

ஆறுமணின்னு பேரு இருக்கேன்னு கடிகாரத்த மட்டும் நம்பாதீங்க. அது பாக்குறது வெளிச்சத்த, நேரத்த இல்ல. அக்டோபர்ல நமக்கு ஆறு மணி சுமாருக்கு விடியுது, ஜனவரி கடைசியில ஆறு இருபது தாண்டிடும். சாயங்காலமும் அப்பிடித்தான், நவம்பர்ல அஞ்சே முக்காலுக்கே கத்தி முடிச்சுடும், பெப்ரவரியில ஆறேகால் வரைக்கும் இழுக்கும். பள்ளத்துக்கு கெழக்க ஒசந்த மல இருந்தா இன்னும் பிந்தும். நீங்க அது கத்துறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி எடத்துல இருக்கணும்.

சிங்கள ஆளுங்க இத அவிச்சியான்னு சொல்லுவாங்க. அவங்க ஊருக் கத ஒண்ணு இருக்கு, இந்தக் குருவிகிட்ட இருந்த அழகான உடுப்ப மயிலு ஒரு கல்யாணத்துக்குன்னு இரவல் வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுக்கவே இல்லையாம், அத கேட்டுத்தான் இது காடெல்லாம் கத்திக்கிட்டு அலையுதாம். உடுப்ப குடுத்த பெறகும் இவ்வளவு கலர் மிச்சம் இருக்குன்னா முன்னாடி எப்பிடி இருந்திருக்கும்னு நான் யோசிப்பேன்.

எப்பிடி எடத்த குறிக்கிறது? மொத நாள் சாயங்காலம் போங்க, குருவிய பாக்க இல்ல, கேக்க மட்டும். ரோட்டுல ஒரு எடத்துல நின்னு சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு கைய நீட்டி காட்டுங்க, அந்தக் கைக்கு நேரா இருக்கிற மரத்த ஞாபகம் வச்சுக்கங்க. அம்பது அடி தள்ளிப் போயி இன்னொரு தடவ அதே மாதிரி. ரெண்டு கோடும் வெட்டுற எடம்தான் ஆளு இருக்கிற எடம். ராத்திரிக்கு அது மரத்துலதான் தூங்கும், விடியக் காலைல அங்கயே கத்திட்டு கீழ எறங்கும். மறுநாள் நீங்க போயி உக்கார வேண்டியது அந்த எடத்துல இருந்து பதினஞ்சு இருபது மீட்டர் தள்ளி, பக்கத்துல போகவே கூடாது.

ஒரு விஷயத்துல எனக்கு ரொம்ப கோவம் வரும். போன்ல குருவி சத்தத்த போட்டு சின்ன ஸ்பீக்கர்ல அலற விட்டு வர வைக்கிறாங்க. வரும்தான், ஏன்னா இன்னொரு குருவி தன் எடத்துக்குள்ள வந்துடுச்சுன்னு நெனச்சு அது பதறி ஓடி வருது. 2,000 கிலோமீட்டர் பறந்து வந்து ஒடம்ப தேத்திக்கிட்டு திரும்பவும் அவ்வளவு தூரம் போக வேண்டிய ஒரு உயிரு, நம்ம போட்டோவுக்காக நாள்பூரா இல்லாத எதிரிய தேடிக்கிட்டு நிக்குது. தயவுசெஞ்சு வேணாம். போன சத்தமில்லாம ஆக்கி பையில போடுங்க.

படி 5: குந்துங்க

நிக்காதீங்க, குந்துங்க. இந்தக் குருவி மேயுறது தரையில, புதருக்கு அடியில. நீங்க நின்னுக்கிட்டு பாத்தா உங்க கண்ணுக்கும் அதுக்கும் நடுவுல எல்லா எலையும் நிக்கும், கீழ குந்தி பாத்தா புதருக்கு அடியில ஒரு முழம் ஒசரத்துக்கு காலியா ஒரு மண்டபம் மாதிரி இருக்கும், வெறும் தண்டும் சருகும் மட்டும். அந்த மண்டபத்துக்குள்ளதான் ஆளு நடமாடுறது. எனக்கு இது புரியிறதுக்கு மூணு வருஷம் ஆச்சு, உங்களுக்கு சும்மா சொல்றேன்.

சாக்கு ஒண்ணு மடிச்சு கொண்டு போங்க, ஈரத்துல உக்காந்தா பத்து நிமிஷத்துல எந்திரிக்கத் தோணும். பிளாஸ்டிக் ரெயின்கோட் போடாதீங்க, கொஞ்சம் அசைஞ்சாலும் சரசரன்னு சத்தம் போடும், அதுக்கு கம்பளியே மேல். மரத்துல முதுக சாச்சுக்கிட்டு, சூரியன் வர்ற பக்கம் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற மாதிரி. பிளாஸ்க்கில தேத்தண்ணி கொண்டு போனா மூடிய முன்னாடியே லூசா வச்சுக்கங்க, கிர்ருன்னு ஒரு சத்தத்துக்கே நான் ஒரு தடவ ஆள தொலச்சிருக்கேன்.

இப்ப திரும்பவும் காதுதான். சருகு சத்தத்த பிரிச்சுக் கேக்கப் பழகுங்க. காட்டுக்கோழின்னா ரெண்டு காலாலயும் பறக் பறக்னு விடாம கெளறும். தவிட்டுக் குருவி வகையெல்லாம் கூட்டமா வரும், வாய் மூடாது. எலின்னா சன்னமா ஒரே ஓட்டம். ஆறுமணிக் குருவின்னா ரெண்டு மூணு தத்தல், அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரே ஒரு எல பெரளுற சத்தம். தத்தல், நிறுத்தம், ஒரு எல. அலகால சருக ஒவ்வொண்ணா தூக்கிப் போட்டு அடியில இருக்கிற புழு, பூச்சி, மண்புழு எல்லாத்தையும் எடுக்கும். அந்தத் தாளம் ஒரு தடவ காதுல விழுந்துட்டா அப்புறம் மறக்காது.

அர மணித்தியாலம் கூட ஒண்ணும் வராம போகலாம். அப்ப மேல பாருங்க, நுவரெலியா ஒசரத்துல 50 ரூபா நோட்டுல இருக்கிற நம்ம நாட்டு நீல ஈப்பிடிப்பான் கெளையில வந்து உக்காரும், இலங்கைய தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத குருவி, அதுபாட்டுக்கு பயமில்லாம நிக்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஆணுக்கு தொண்டையும் நெஞ்சும் ஆரஞ்சு, சுத்தி கருப்பு வரம்பு போட்டிருக்கும்.

படி 6: கண்ணுல பட்டுடுச்சா, அசையாதீங்க

பைனாகுலர தூக்குறது கூட மெதுவா. எட்டு மடங்கு பெருசா காட்டுறதே போதும், பத்து மடங்குன்னா இருட்டுல கையும் ஆடும். கிட்டத்துல போகஸ் ஆகுறதா பாத்து வாங்குங்க, அஞ்சு மீட்டர்ல வந்து நின்னா பல பைனாகுலர் மக்கர் பண்ணும்.

மொதல்ல வால பாருங்க. நிக்கும்போது அந்தக் கட்ட வால மெதுவா மேல கீழ ஆட்டிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டத்துல அடியில இருக்கிற செவப்பு ஒரு தடவ தெரியும் ஒரு தடவ மறையும். அப்புறம் காலு. மத்த குருவிங்களோட ஒப்பிட்டா ரொம்ப நீளம், தரையிலயே பொழைக்கிறதுக்கு ஏத்த மாதிரி. ஆணுக்கும் பொண்ணுக்கும் கலர்ல வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, அதுல மூளைய கசக்க வேணாம். எனக்குப் பிடிச்சது அது மண்புழு இழுக்குற காட்சி. பாதி வெளிய வந்த புழுவ அலகால கவ்விக்கிட்டு பின்னால சாஞ்சு இழுக்கும், பிடி விட்டுப் போனா ஒரு நொடி ஒண்ணும் நடக்காத மாதிரி வேற பக்கம் பாக்கும், திரும்பவும் இழுக்கும்.

பயந்துட்டா தூரத்துக்கு பறக்காது, ரெண்டு புதர் தாண்டி எறங்கிடும். பின்னாலயே போகாதீங்க. அதே எடத்துல இன்னும் ஒரு பத்துப் பதினஞ்சு நிமிஷம் இருங்க, பல நேரம் அதுவே திரும்ப வந்திருக்கு.

படி 7: போட்டோ

சுருக்கமா சொல்றேன். பிளாஷ் வேணாம். காட்டுக்கு அடியில வெளிச்சம் ரொம்பக் கம்மி, ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்த எவ்வளவு உணருதுங்கிற அளவ) 1600, 3200ன்னு தைரியமா ஏத்துங்க, படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தா பரவால்ல, கலங்கி வர்றதவிட மேல். அது தத்தும்போது அமுக்காம நிக்கும்போது அமுக்குங்க. கேமராவ தரையோட தரையா வைங்க. புதர வெட்டி பார்வைய சரி பண்றது, புழுவ போட்டு பழக்குறது, இந்த ரெண்டும் செய்றவங்கள எனக்குப் பிடிக்காது.

படி 8: அதுவே உங்க வீட்டுக்கு வந்துட்டா

இது நெசமா நடக்குற விஷயம், அதுவும் அக்டோபர்ல. ராத்திரியில பறந்து வர்றதால மழ, மூடுபனி, லைட் வெளிச்சம் இதுல தெச தடுமாறி, களைச்சுப் போயி இஸ்தோப்புல, குசினியில, பள்ளிக்கூட வராந்தாவுல வந்து எறங்கிடும். கண்ணாடி இருந்தா முட்டிக்கும். எங்க பக்கத்துல பெரிய கண்ணாடி வச்சு ஒரு ஹோட்டல் கட்டினாங்க, அடுத்த சீசன்லயே ஒண்ணு முட்டி செத்துக் கெடந்துச்சு, கையில எடுத்தப்ப இன்னும் சூடா இருந்துச்சு.

உயிரோட இருந்தா இப்பிடி செய்ங்க. ஒரு மெல்லிய துணிய மேல போட்டு ரெண்டு கையாலயும் அமுக்காம தூக்குங்க. சப்பாத்துப் பெட்டி மாதிரி ஒரு அட்டப் பெட்டியில காத்துக்கு நாலஞ்சு ஓட்ட போட்டு, அடியில பழைய துணி விரிச்சு, உள்ள விட்டு மூடுங்க. இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயத் தெறந்து தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக் கொழாய்க்குள்ள போயி செத்துடும். சோறு, பாணு, பருப்பு ஒண்ணும் வேணாம். பூனைய கட்டிப் போடுங்க, புள்ளைங்கள பெட்டிய தெறந்து தெறந்து பாக்க விடாதீங்க, அதுதான் பெரிய கஷ்டம். ஒண்ணு ரெண்டு மணித்தியாலத்துக்கு அப்புறம் பெட்டிக்குள்ள காலு தட்டுற சத்தம் கேட்டா புதர் இருக்கிற பக்கம் கொண்டு போயி, தரையில வச்சு, மூடிய தெறந்துட்டு தள்ளி நில்லுங்க. தூக்கி வீசாதீங்க. நல்லா இருட்டிப் போச்சுன்னா விடியிற வரைக்கும் வச்சிருந்து விடுங்க.

ரெக்க தொங்குச்சு, நிக்க முடியலன்னா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு சொல்லுங்க, கண்டி பக்கம்னா பேராதனப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் இருக்கு. அழகா இருக்கேன்னு கூண்டுல வைக்கிறது சட்டப்படி குத்தம், 1937ல இருந்தே இருக்கிற சட்டம். அதோட, புழுவையும் பூச்சியையும் தேடித் தின்னு பழகினது, கூண்டுல தானியத்த போட்டு வளக்கவே முடியாது.

எங்க இஸ்தோப்புக்கு வந்தத நான் அப்பாவோட சப்பாத்துப் பெட்டியிலதான் வச்சேன். அப்பாயி அத குசினியில வைக்க விடல, பொக பட்டா அதுக்கு மூச்சு முட்டும்னு சொல்லி கட்டிலுக்கு அடியில வச்சாங்க. பத்து மணி சுமாருக்கு பெட்டி டொக் டொக்குன்னு சத்தம் போட்டுச்சு. பீலிக்கு மேல கொண்டு போயி தெறந்தோம். உடனே போகல. வெளிய எட்டி வந்து ஒரு தடவ ஒடம்ப சிலுப்பிச்சு, ரெண்டு தத்து தத்துச்சு, ஒரு காஞ்ச எலைய தூக்கிப் போட்டு அடியில பாத்துச்சு, அப்புறம்தான் புதருக்குள்ள போச்சு. பசி போல.

படி 9: உங்க எடத்துலயே தங்க வைக்கணும்னா

பெரிசா ஒண்ணும் செய்ய வேணாம், சிலத செய்யாம இருந்தா போதும். சருக கூட்டிக் கொளுத்தாதீங்க, வீட்டுக்குப் பின்னால ஒரு மூலையில குமிச்சு விடுங்க, ஒரு மழைக்கு அப்புறம் அடியில பாருங்க, புழு குடும்பமே இருக்கும், குருவிக்கு அதுதான் சாப்பாட்டுக் கட. அந்த மூலையில கொஞ்சம் புதர் அடைஞ்சு இருக்கட்டும். புல்லு மருந்து அடிக்காதீங்க. அக்டோபர்ல வெளி லைட்ட தேவையில்லாத நேரம் அணைங்க. பூன வச்சிருந்தா காலைலயும் அந்திக்கும் வீட்டுக்குள்ள வைங்க, தரையில மேயுற குருவிக்கு பூனையவிட பெரிய எதிரி நம்ம லயத்துப் பக்கம் வேற இல்ல.

எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு பள்ளம் இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து அங்க வருஷா வருஷம் ஒண்ணு கத்தும். ஒரு தடவ "சுத்தம்" பண்றோம்னு அடிப் புதர் எல்லாத்தையும் வெட்டி மருந்து அடிச்சாங்க. மரமெல்லாம் அப்பிடியே நிக்குது, பாக்க பார்க்கு மாதிரி இருக்கு. அந்த அக்டோபர்ல இருந்து அங்க சத்தமே இல்ல. பூண்டு, செடி, மானாப் புல்லு எல்லாம் இப்பத்தான் திரும்ப வளந்துக்கிட்டு வருது, பாக்கலாம்.

படி 10: எழுதி வைங்க

மொத சத்தம் என்னைக்கு கேட்டுச்சு, எந்தப் பள்ளம், எத்தன மணி, கடைசியா எப்ப கேட்டுச்சு. இவ்வளவு போதும். போன்ல ஈபேர்ட்னு ஒரு ஆப் இருக்கு, இலவசம், அதுல போட்டீங்கன்னா ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் போயி சேரும். மலைநாட்டுத் தோட்டங்களுக்குள்ள இருந்து எழுதுற ஆளுங்க ரொம்பக் கம்மி, உள்ள இருக்கிறது நாமதான, நமக்குத்தான் மொதல்ல கேக்கும். கொழும்புப் பல்கலைக்கழகத்துல 1976ல இருந்து பறவைகளுக்குன்னே ஒரு கள ஆய்வுக் குழு இயங்குது, ஆர்வம் இருக்கிற புள்ளைங்கள அதுல சேத்து விடலாம்.

எனக்கு ஆப்பெல்லாம் அப்புறம்தான், மொதல்ல கடைக்காரன் குடுக்குற சுவர்க் காலண்டர். கேட்ட நாள்ல பென்சில்ல ஒரு "கு" போட்டு வைப்பேன். போன வருஷம் மொத "கு" நான் போட்டதில்ல, நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். அப்பாயி அடுப்படியில இருந்து வந்து கோணலா போட்டு வச்சிருந்தாங்க, பக்கத்துல நேரமும் எழுதியிருந்துச்சு, 5.52.